மலாக்காப் பாட்டுக்கு ஓர் இரவல் கோட்டு

துணி தீய்ந்துபோனால் வண்ணான் முதலில் பெண்டாட்டியைத்தான் திட்டுவான். நானும் திட்டினேன். இஸ்திரிப் பெட்டியில் கரியை நிறைத்தவள் அவள். ஆனால் பெட்டியைக் கையில் பிடித்திருந்தவன் நான். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பொறி தெறித்து, அந்த வெள்ளை டிரில் கோட்டின் நெஞ்சுப் பக்கம் காசளவுக்குப் பொத்துவிட்டது.

அப்போது காலை பத்து மணி இருக்கும். மாலை நான்கு மணிக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் டவுன் ஹாலில் பிடில் வாசிக்க வேண்டும். அவரிடம் இருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான்.

அவர் மலாக்காப் போர்த்துகீசியர். பரம்பரை பரம்பரையாக அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, நிறத்தில் என்னைவிட ஒரு பிடி கறுத்துப்போன குடும்பம். அவர் மட்டும் பிழைப்புக்காகக் கப்பலேறி எங்கள் துறைமுக நகரத்துக்கு வந்திருந்தார்; ஆற்றோரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. குவீன் ஸ்திரீட்டில் அவர்கள் மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தார். சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருந்த நான் திங்கட்கிழமைதோறும் போய் அவர் துணிகளை எடுத்து வருவேன். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில்தான். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஊர் வெள்ளைக்காரர்கள் மூன்று நாள் சங்கீத விழா நடத்தினார்கள். நாளுக்கு ஒரு தேசம் என்று பிரித்து, ஒருநாளைப் போர்த்துகீசியருக்கு ஒதுக்கினார்கள். சீனக் கரையில் போர்த்துகீசியர் ஆளுகிற மக்காவுத் தீவிலிருந்து வாத்தியக்காரர்கள் கப்பலேறி வந்தார்கள். முன் கூடத்தில் போர்த்துகல் நாட்டின் நீலமும் வெள்ளையுமான கொடி, பழைய சால்வைகள், சரிகை வேலைப்பாட்டு மேஜை விரிப்புகள், கண்ணாடிக் கிண்ணங்களில் தித்திப்புப் பண்டங்கள் என்று வைக்கப்போவதாகப் பேச்சு. அந்தச் சால்வைகளை வெளுத்துக் கொடுத்தவனே நான்தான். கோயில் மாதர்கள் ஒவ்வொன்றையும் குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தார்கள்.

நம்மவர் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதலில் மக்காவுக்காரர்களோடு சேர்ந்து, காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற ஐரோப்பியச் சங்கீதம். இடைவேளைக்குப் பிறகு தனியாக, மலாக்காவில் அவருடைய தாய் பாடுகிற பழைய பாட்டு. அந்தப் பாட்டைப் பெரிய மனிதர்கள் சங்கீதம் என்று ஒப்புக்கொண்டு மேடையில் கேட்கப்போவது அதுதான் முதல் தடவை. கேட்பதற்காகத் தாயைக் கப்பலில் வரவழைத்திருந்தார். இதை என்னிடம் அவர் நாலைந்து முறை சொல்லியிருப்பார்.

நான் செய்தது இதுதான். வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் டாங்லின் பக்கத்துத் துரை ஒருவரின் துணிமூட்டையைப் பிரித்தேன். அவருக்குக் கோட்டுகள் டஜன் கணக்கில் இருந்தன. மறு வாரம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அளவு ஒத்து வந்த ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். எங்கள் சாதியில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர்த் துணியை எடுத்து விரிப்பதும் கட்டுவதும் எங்கள் வேலை; மாற்று கொடுப்பது என்று பெயர். எடுத்தது யார் வீட்டு வேட்டி என்று கேட்பவர் இல்லை. கப்பலேறி வந்தவன் அந்தப் பழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன், அறிவைத்தான் விட்டுவிட்டேன்.

பெண்டாட்டி தடுத்தாள். “வேணாங்க, உள்ளத சொல்லிடுங்க. அவரு வேற யார்கிட்டயாவது கேட்டு வாங்கிக்குவாரு.” நான் கேட்கவில்லை. கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, உங்களுடையதில் பொறி விழுந்துவிட்டது, இது சீமைக்கே போய்விட்ட ஒரு துரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்று கூசாமல் புளுகினேன். அவர் நம்பினார். கழற்றி மாட்டுகிற தன் ஐந்து சிப்பிப் பொத்தான்களையும் அதில் மாட்டிக்கொண்டார். பக்க வராந்தாவில் நின்று நானும் கேட்கலாம் என்று அவரே சொன்னார்.

குதிரைக்காரர்களோடு நின்று கேட்டேன். முதல் வாசிப்பு முடிந்ததும் கைதட்டல் நன்றாகவே விழுந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. அவர் கோட்டு மடிப்புக் கலையாமல் நின்றதைப் பார்த்துத்தான் பெருமைப்பட்டேன். இடைவேளையில் வாத்தியக்காரர்கள் காற்று வாங்க வராந்தாவுக்கு வந்தார்கள். அவர் என்னிடமிருந்து நாலு எட்டுத் தள்ளி நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த டாங்லின் துரை மனைவியோடு வெளியே வந்தார்.

கோட்டின் வலது கை ஓரத்தில் சுருட்டுச் சுட்ட ஓட்டை ஒன்று இருந்ததும், அதை யாரோ இழையோட்டி மூடியிருந்ததும் எனக்குத் தெரியும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். வில் பிடிக்கிற கை அது. முன் வரிசையில் இருந்த துரையின் மனைவிக்குத் தன் தையலே கண்ணுக்கு நேராக மேலும் கீழும் போயிருக்கிறது.

அதுவரை எல்லோரும் பிடில்காரரிடம் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். துரை மலாயில் கேட்டார், குதிரைக்காரனிடம் கேட்பது போல. குரலை உயர்த்தவில்லை.

“இது என் கோட்டு. எவன் குடுத்தான்னு சொல்லு. சொன்னா இதையே போட்டுக்கிட்டுப் போய் வாசி.”

அவர் என் பக்கம் திரும்பினார். சுட்டிக்காட்டவில்லை, முகத்தை மாற்றவில்லை, வெறுமனே பார்த்தார். நான் வாய் திறந்திருந்தால் முடிந்துபோயிருக்கும். எனக்கு டாங்லினில் பதினோரு வீடுகள். ஒரு வீட்டில் திருடன் என்று பெயர் விழுந்தால் பதினொன்றும் போய்விடும், போலீசும் வரும். அந்தக் கணக்குத்தான் மனசில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் ஓடியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கால்கள் நின்ற இடத்தை விட்டு வெகுநேரம் அசையவில்லை. பிறகு அவர் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். அவை அவருடையவை அல்லவா, ஒவ்வொன்றாக எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோட்டை மடித்துத் துரையிடம் கொடுத்தார். அந்தக் காலத்தில் கழுத்து வரை மூடுகிற கோட்டுக்கு உள்ளே சட்டை போடுவதில்லை. பனியனோடு நின்றார். அந்தக் கோலத்தில் யார் மேடையேற விடுவார்கள்? இடைவேளை முடிந்து மக்காவுக்காரர்களே மிச்சத்தை வாசித்தார்கள். கூட்டத்தில் எங்கோ அவருடைய தாய் கடைசி வரை உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் போயிற்று. திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவர் வீட்டுக்குப் போனேன். தாயும் இருந்தார், ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டு. சின்ன உருவம், கணீரென்ற குரல். நான் யார் என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு நீயும் அங்கே இருந்தாயாமே, பிடில் கம்பி அறுந்ததைப் பார்த்தாயா என்று என்னிடம் விசாரித்தார். மகன் சொன்ன காரணம் அதுவாக இருக்க வேண்டும். மகன் அறை மூலையில் முகத்தைக் காட்டாமல் நின்றார்.

“ஆமாம்மா, நான் பார்த்தேன், கம்பிதான் அறுந்துபோச்சு” என்றேன். உண்மையைச் சொல்லப் போனவன் சொன்னது அது.

கிழவிக்கு நிம்மதி. மகன் கூட்டத்துக்குப் பயந்துபோய் இறங்கிவிட்டானோ என்று நினைத்திருந்தாராம். அவர் மகன் என்னோடு வாசல் வரை வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கோபம் இல்லை, களைத்துப்போன முகம்.

“பயந்துக்கிட்டு உன்னைக் காட்டிக்குடுக்கலன்னு நெனக்காத,” என்றார். “நீயே ஒரு எட்டு முன்னால வந்து சொல்லுவேன்னுதான் அவ்வளவு நேரம் நின்னேன்.”

பிறகு வழக்கம்போல அழுக்குத் துணிகளை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.