சோப்புக் கப்பல்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம், "பதறாதீங்க, வந்துட்டேன்" என்று மேலிருந்து குரல் கொடுப்பார். சொன்னபடி வந்தும் விடுவார். வெளி ஆட்கள் யாரையும் அவர் காக்க வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காத்திருந்தவர் எங்கள் அப்பா ஒருவர்தான்.

வேலை முடிந்து வந்தால் அத்தானுக்கு மாடல் கிட்தான் உலகம். சாப்பாட்டு மேஜையில் பாதி அவருடையது. விமானம், டாங்கி, கப்பல் என்று பிளாஸ்டிக் பொம்மைகளைத் துண்டு துண்டாக வாங்கி ஒட்டுவார். பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் அவர் பக்கத்தில் ஒரு மாலை உட்கார வேண்டும். பெட்டியைத் திறந்ததும் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தைப் பிடித்து லேசாக வளைப்பார். நல்ல சரக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிளேடு வைத்தால் சுத்தமாக வெட்டுப்படும், உப்புத்தாளில் தேய்த்தால் மாவாக உதிரும். மட்டமான சரக்கில் ஒரு ரகம் கத்தி பட்டதும் தெறித்து ஓடும். இன்னொரு ரகம் மெழுகு மாதிரி மெத்தென்று இருக்கும், தேய்த்தால் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். அதே கம்பெனியின் அதே கிட்டில் பழையது உசத்தி, புதியது மட்டம் என்று சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போல விலாவாரியாகக் குறை சொல்லுவார்.

அப்பா ஒரு சின்னச் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். இளமையெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே கழிந்தது. பிறகு கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அவரிடம் அதன் போட்டோ ஒன்றுகூட இல்லை. கீழே எண்ணெயும் புகையுமாக நிற்கிறவனை மேலே கூப்பிட்டுப் போட்டோ எடுக்க யாருக்கு நேரம்? அக்கா எங்கெங்கோ தேடி அந்தக் கப்பலின் கிட்டைக் கண்டுபிடித்தாள். அதைச் செய்தது என்றோ இழுத்து மூடிய ஒரு சின்னக் கம்பெனி. வேறு யாரும் அந்தக் கப்பலைச் செய்ததில்லை.

அப்போதே அப்பாவுக்குப் பார்வை குறைந்துகொண்டிருந்தது. கண் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதும் மெல்லப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழுக்கப் போவதற்குள் தன் கப்பலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வேறு எதையும் எங்களிடம் அவர் கேட்டதில்லை.

அத்தான் பெட்டியைத் திறந்தார். சட்டத்தை வளைத்தார். அது வளைந்தபடியே நின்றது.

"இது பிளாஸ்டிக்கே இல்ல மாமா. சோப்பு."

"சோப்பா இருந்தா என்ன மாப்பிள்ளை? நான் என்ன குளிக்கவா போறேன்?"

எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க கப்பல இந்த லட்சணத்துல செய்யக் கூடாது மாமா. ஒழுங்கா செஞ்சு தரேன்" என்றார். சோம்பேறித்தனம் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அது மரியாதை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிறது.

மற்ற கிட்களில் மிஞ்சிய நல்ல பிளாஸ்டிக்கைச் சீவி, தளத்தின் ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகளைப் புதிதாகச் செய்தார். நூல் மாதிரி, நேராக, அழகாக இருந்தன. கிட்டோடு வந்த தடித்த கம்பிகள் குப்பைக்குப் போயின. புதுக் கம்பிக்குப் பக்கத்தில் ஏணி மட்டமாகத் தெரிந்தது. ஏணியை மாற்றினால் புகைபோக்கி உறுத்தியது. புகைபோக்கி முடிந்தால் தளம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவருக்கு ஆடத் தெரியும், ஆனாலும் கூடத்தை இடித்துக் கட்டாமல் ஆட மாட்டேன் என்றார்.

அப்பா ஒவ்வொரு தடவை அக்கா வீட்டுக்குப் போகும்போதும் ஒரே ஒரு முறை கேட்பார்: "கப்பல் இப்ப எந்தத் துறைமுகத்துல நிக்குது மாப்பிள்ளை?" மாப்பிள்ளையை இரண்டாம் முறை கேட்டு நச்சரிக்க அவருக்கு வாய் வராது. எனக்கு வரும்.

"அத்தான், அவர் பார்க்கப் போறது கப்பல. கம்பிய இல்ல."

"மட்டமா ஒண்ண செஞ்சு அவர் கண்ணு முன்னாடி வைக்கச் சொல்றியா?"

"கண்ணு இருக்கும்போதே வைங்கன்னு சொல்றேன்."

அக்கா என்னை முறைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை.

கப்பல் முடிந்தது. குறை சொல்ல ஓர் இடமில்லை. அத்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார். அப்பாவுக்கு அதற்குள் ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுதான் தெரிந்தது, அதுவும் வெயில் அடித்தால். கண் கெட்ட பிறகு என்று தொடங்கும் பழமொழியை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

"கையால பாருங்கப்பா" என்று அக்கா அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். விரல்கள் தளத்தின் மேல் ஏறின. "இது சரக்கு இறக்குற எடம்... பின்னாடி ஏணி இருக்கணுமே... ஆமா, இருக்கு." முகம் மலர்ந்துவிட்டது. எஞ்சின் அறைக்கு இறங்கும் கதவு ஓரத்தில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கையை நகர்த்தினார். கட்டைவிரலுக்கு அடியில் கம்பி முறிந்தது. இன்னொன்றும் முறிந்தது. குப்பைக்குப் போன அந்த மெத்தென்ற கம்பியாக இருந்தால் வளைந்து கொடுத்திருக்கும்.

அப்பா சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"எதையோ ஒடச்சிட்டேன் போலருக்கே. மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. குருட்டுக் கை."

"ஒண்ணும் ஆகல மாமா. தொடுங்க. நல்லா அழுத்தித் தொடுங்க, ஒடஞ்சா ஒடையட்டும்."

"வேணாம் வேணாம். பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீங்க. அதான் பாத்துட்டேனே. ரொம்ப நல்லாருக்கு."

கதவை அவர் இன்னும் தொடவில்லை. அத்தான் அவர் கையைப் பிடித்து மறுபடி கப்பலின் மேல் வைக்கப் பார்த்தார். அப்பா விரல்களை மடக்கிக்கொண்டார்.