ஹாங்காங்கைச் சுற்றி வரும் வழி

தைப்பேயிலிருந்து ஷாங்காய்க்கு எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லை. நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் தொண்ணூற்றொன்பதில் நேராகப் பறக்க எவன் விட்டான்? தைவான், சீனா இரண்டு அரசுகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் சனங்கள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள். ஹாங்காங் போய் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் ஏற வேண்டும். வாசலுக்கு வாசல் பத்து மணி நேரம்.

இதைப் பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் பௌ-சூ. தைப்பேயில் விமானச் சீட்டு விற்கும் அலுவலகத்தில் வேலை. மாமனார் சும்மா இருக்க மாட்டார்.

"ஒண்ணரை மணி நேர ஊரைப் பத்து மணி நேரமாக்கி விக்கிற மகராசி!"

"உங்க பிள்ளையும் என்கிட்டதான் மாமா சீட்டு வாங்குறாரு!"

அந்தப் பிள்ளை, அவள் கணவன் ஜின்-தெங், ஷாங்காயில் செருப்புத் தொழிற்சாலை மேலாளர்.

மார்ச்சில் ஒரு நாள் விடியற்காலை, ஆஸ்பத்திரியில் கிடந்த மாமனாரைப் பார்த்து மருத்துவர் கையை விரித்துவிட்டார். பௌ-சூ உடனே கணவனுக்குச் சீட்டு ஏற்பாடு செய்தாள். கடைசி மூச்சு வீட்டுக் கூடத்தில்தான் போக வேண்டும் என்பது வழக்கம். ஒன்பது மணிக்குப் பெரியவரைக் கொண்டுவந்து பலகையில் கிடத்தினார்கள். வாயில் குழாய், அதன் முனையில் காற்றுப்பை. கையால் அழுத்தினால் மூச்சு, நிறுத்தினால் இல்லை. கூட வந்த நர்ஸ் எப்படி அழுத்துவதென்று காட்டிக்கொடுத்தாள்.

"அண்ணன் வர்ற வரைக்கும் விடாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார் மெய்-ஷ்வாங். "எத்தனை மணிக்கு வருவாரு?"

"ஆறு மணிக்கு வாசல்ல நிப்பாரு."

இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். மதியத்துக்குமேல் பெரியவரின் கால்கள் சில்லிட்டுக் கறுத்தன. வாயோரம் ரத்தம் கசிந்தது.

மூன்றரைக்கு அலுவலகத்திலிருந்து போன். "அக்கா, ஹாங்காங்ல மூடுபனி. ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னாடி எதுவும் கிளம்பாதாம்."

அப்படியென்றால் வீடு வந்து சேர நள்ளிரவாகும். பௌ-சூ இன்னும் அரை மணி நேரம் அழுத்தினாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"குழாயை எடுத்திடும்மா."

"ஐயோ அண்ணி! அண்ணன் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"முழிச்சுக்கிறேன். நீ இவரு முகத்தைப் பாரு மெய். ஏழு மணி நேரம் வதைச்சுட்டோம். போதும்."

மெய்-ஷ்வாங் பார்த்தாள். அதற்குமேல் தடுக்கவில்லை. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கியது.

ஐந்து மணிக்கு ஜின்-தெங் ஹாங்காங் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"அப்பா இருக்காரா? பக்கத்து மக்காவ்ல இருந்து விமானம் இருக்கா பாரு! படகு பிடிச்சு ஓடிடுறேன். ஏதாச்சும் வழி சொல்லு, உனக்குத் தெரியாத வழியா?"

மக்காவ் வழியும் அவளுக்குத் தெரியும். அதற்கு எத்தனை மணி நேரம் என்பதும் தெரியும்.

"ஓடாதீங்க," என்றாள். "அங்கேயே உக்காந்து ஏதாச்சும் சாப்பிடுங்க. இனி நீங்க எப்ப வந்தாலும் ஒண்ணுதான்."