மீன்கொத்தியை ஏந்திய கைகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிங்கப்பூரின் ரோச்சோர் கால்வாய் ஓரமாக நடந்து, கண்ணில் படும் நீர்ப்பறவைகளைப் பதிவு செய்யும் தொண்டூழியர் நான். அன்று லிட்டில் இந்தியாவை நெருங்கும்போது, ஒரு மீன்கொத்தி கட்டடக் கண்ணாடியில் மோதி என் முன்னால் நடைபாதையில் விழுந்தது. அலகைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தது. பறவை மீட்பவர்களுக்குப் போன் செய்துவிட்டு, தொடப் பயந்து நின்றேன்.

தேக்கா சந்தைக்குச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்து நின்றாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நர்ஸாக வேலை பார்ப்பவளாம். சட்டென்று உட்கார்ந்து, துப்பட்டா நுனியால் பறவையை அள்ளிக் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

“கால் பண்ணிட்டேன் லா, வந்துடுவாங்க. பிழைச்சிடுமா?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. அதுவரைக்கும் தனியா கிடக்க வேணாமே.”

கொஞ்ச நேரத்தில் பறவையின் துடிப்பு அடங்கி, உயிர் போனது. அவள் கைகளை விலக்கவில்லை.

“வார்டுல சில பேருக்கு, வீட்டு ஆளுங்க வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிரும். அப்பல்லாம் நாங்க யாராவது கையப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல இருப்போம்” என்றாள்.

என் அம்மா மருத்துவமனையில் இறந்தபோது நான் ஜூரோங்கிலிருந்து டாக்சியில் வந்துகொண்டிருந்தேன். யாருமில்லாமல் போய்விட்டாரே என்று உள்ளுக்குள் மருகியதை, முதல்முறையாக அவளிடம் சொல்லி அழுதேன்.

“எங்கள மாதிரி யாராவது இருந்திருப்பாங்கக்கா.”

அது உண்மையா என்று தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. ஆனால் இப்போது அந்தக் கடைசி நேரத்தை நினைத்தால், அம்மாவின் கையை யாரோ பிடித்திருப்பதாகவே தோன்றுகிறது.