ஆறவேண்டிய தேத்தண்ணி

மூன்று மிடறு தேநீரைக் குடித்து ஒரு கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தவன் நான். இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் கிளாஸ். உறிஞ்சும் சத்தம் முழு அறைக்கும் கேட்கும்படி குடித்தேன். முடித்ததும் "நல்ல சாயம்" என்று ஒரு பாராட்டும் சொன்னேன். அந்த வீட்டில், அந்தப் பிற்பகலில், அந்தத் தேநீரைக் குடிப்பதென்றால் "பெண்ணைத் தந்துவிட்டார்கள், எங்களுக்குச் சந்தோஷம்" என்று பொருள். அப்போது இன்னும் யாரும் பெண்ணைக் கேட்கவேயில்லை.

பெண் கேட்கப் போனது என் மகனுக்கல்ல. மாஸ்டரின் மகனுக்கு.

மாஸ்டர் ஒருநாளும் எவருக்கும் படிப்பித்தவரல்லர். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்குப் பெட்டிகளுக்குச் சுங்கப் பத்திரம் நிரப்பும் அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர். அவர் சேர்ந்த அன்று நான் மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டுக்குப் போய், "புதுசா ஒரு அசிரியர் வந்திருக்கிறார்" என்றேன். மனைவியின் காதில் அது நெடிலாக, 'ஆசிரியர்' என்று விழுந்தது. "பாவம், படிப்பிச்ச மனுசன் இஞ்ச வந்து பெட்டிக்கு ஃபோர்ம் நிரப்புறார்" என்று இரங்கினாள். அலுவலக விருந்தில் அவரைக் கண்டதும் "மாஸ்டர், என்ன பாடம் படிப்பிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரித்திரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எங்களை எல்லாரும் அதுக்குள்ளதான் தேடுகினம்" என்றார். அன்றிலிருந்து மாஸ்டர்தான். அவர் பேசுவது ஆங்கிலம். நான் அதை யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

நானும் அவரைச் சரித்திரத்துக்குள்தான் தேடினேன். கொஞ்சம் வாசித்தவன் என்ற திமிர். முதல் நாள் மதியச் சாப்பாட்டிலேயே சிறகு முளைத்த கல் எருதுகள், நினிவே, அது விழுந்த விதம் எல்லாவற்றையும் அவருக்கே விளக்கி, "அதோட அசிரியர் முடிஞ்சினம்" என்று முடித்தேன். அவர் திராட்சை இலைக்குள் சோறு சுற்றிய டோல்மா பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"எப்ப முடிஞ்சது?"

"ரெண்டாயிரத்து அறுநூறு வருசத்துக்கு முன்னம்."

"அப்ப இதைக் கெதியாச் சாப்பிடவேணும்" என்று ஒன்றை எனக்கும் தந்தார்.

அதன்பிறகு நான் விளக்குவதைக் குறைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். அவர் பேசும் பாஷை அராமிக்கின் வழிவந்தது என்று அறிந்த நாளில், "யேசுநாதர் கதைச்ச பாஷையெல்லோ" என்று மெய்சிலிர்த்தேன். "ஓம், அதிலதான் நான் ஃபோர்க்லிஃப்ற்றுக்குச் சார்ஜ் இல்லை எண்டு சிட்னியில இருக்கிற தம்பிக்கு ஃபோனில சொல்லுறன்" என்றார்.

அவர் தியாரிக்காரர். துருக்கியின் தென்கிழக்கு மூலையில் ஹக்காரி என்ற மலைநாடு. அங்கே தியாரி, ஜீலு, பாஸ், துக்குமா, தீஸ் என்று அசிரியக் குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் மலிக் என்று ஒரு தலைவர். ஸ்ரேப்ளரையும் உப்புப் போத்தலையும் மலைகளாக நிறுத்தி, நடுவில் ஒரு றப்பர் பாண்டை ஸாப் ஆறாக ஓடவிட்டு, பல மதியங்களில் மாஸ்டர் அந்த நாட்டை என் மேசையில் கட்டினார். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் வயல் என்று ஒன்று இயற்கையில் கிடையாது. கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் கூடை கூடையாக மண்ணை முதுகில் சுமந்து கொட்டி, பாய் அகலத்தில் ஒரு வயல் செய்வார்கள். பனி உருகும்போது அது அடித்துக்கொண்டு போகும். அடுத்த வருடம் திரும்பவும் சுமப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரு பனை உயரம்கூட இல்லாத ஊரில் பிறந்த எனக்கு, வயலைச் சுமந்துகொண்டு ஏறும் மனிதர்களை நினைக்கவே மூச்சு வாங்கியது.

அவர்களின் கிறிஸ்தவக் கோயில் வாசலைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். நெஞ்சளவுக்கும் குறைந்த உயரம். கொள்ளை அடிக்க வருகிறவன் குதிரையோடு உள்ளே போக முடியாது. உள்ளூர்க்காரனும் குனியாமல் போக முடியாது. கூம்புபோல் கம்பளித் தொப்பி, அதில் இறகு, இடுப்பில் குத்துவாள் என்று எந்தச் சுல்தானுக்கும் சுலபமாகத் தலைசாய்க்காத ஆண்கள், வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கல் வாசலுக்கு மட்டும் இறகு முறியாமல் குனிந்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் அந்த மலைகளை விட்டுத் துரத்தப்பட்டார்கள். பாரசீகத்துக்கு நடந்தார்கள், அங்கிருந்து தெற்கே நடந்தார்கள், வழியெல்லாம் புதைத்துக்கொண்டே நடந்தார்கள். பக்தாத்துக்குக் கிட்டக் கூடாரங்கள், பிறகு ஈராக்கில் கிராமங்கள். அங்கும் கொலைகள் நடந்து, ஒரு பகுதியினர் சிரியாவில் காபூர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அந்தத் தட்டை நிலத்திலும் தியாரிக்குத் தனிக் கிராமம், துக்குமாவுக்குத் தனிக் கிராமம் என்று மலையில் இருந்த ஒழுங்கிலேயே குடியேறினார்கள். மாஸ்டர் பிறந்தது அங்கே. அதாவது, நேற்றுத்தான் மலையிலிருந்து இறங்கி வந்தவர்போலக் கதைக்கும் இந்த மனிதர் அந்த மலைகளைக் கண்ணால் கண்டதேயில்லை. இதைச் சுட்டிக்காட்டலாமென்று ஒருநாள் வாயெடுத்தேன். ஸ்காபரோவில் பிறந்த என் மகள் எந்த ஊர் என்று கேட்டால் "ஜஃப்னா" என்று சொல்வது ஞாபகம் வர, மூடிக்கொண்டேன்.

இனி மகன் கதை. பையனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. அவளும் அசிரியப் பெண்தான், ஆனால் ஜீலு. தகப்பன் பிரம்ப்டனில் வீடுகளுக்கு மாபிள் பதிக்கிறவர். தியாரிக்குப் பெண் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பாலம்" என்றார் மாஸ்டர்.

அந்த மலைகளில் ஆற்றுக்கு மேல் கொப்புகளைப் பாய்போல் பின்னித்தான் பாலம் போடுவார்கள். ஊரை விட்டு ஓடிய நாட்களில், துரத்துகிறவர்கள் தாண்டக்கூடாதென்று ஒரு தியாரிக் குடும்பம் அப்படி ஒரு பாலத்தை வெட்டிவிட்டது. ஒரு ஜீலுக் குடும்பம் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டது. அவர்கள் மூன்று நாள் சுற்றி நடந்துதான் சேர்ந்தார்கள். வெட்டியவர் மாஸ்டரின் பூட்டனார். அகப்பட்டவர் மாபிள்காரரின் பூட்டனார்.

"பொழுதுபடும் வரைக்கும் வெட்டாமல் காத்திருந்தவை எண்டுதான் எங்கட வீட்டில சொல்லுறது" என்றார் மாஸ்டர். "அவையின்ர வீட்டில வேற மாதிரிச் சொல்லுவினம். ரெண்டு வீட்டிலயும் பாலத்தைக் கண்டவர் ஆருமில்லை."

ஆனாலும் மாபிள்காரர், முறைப்படி வந்தால் வாசலில் வைத்து அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடவைதான். அன்று இல்லையென்றால் இல்லைதான். மகன் சாப்பாட்டை விட்டிருந்தான், மாஸ்டர் நித்திரையை விட்டிருந்தார். முறைப்படி போவதற்கு ஆட்கள் வேண்டும், நரைத்த, பாரமான ஆட்கள். மாஸ்டரின் உறவினர்கள் சிட்னியிலும் சிக்காகோவிலும் சுவீடனிலும் சிதறிக் கிடந்தார்கள். அவர் மனைவியின் மாமா ஒருவர்தான் ஹமில்டனில் இருந்தார், எண்பது வயது, தேவாலயத்தில் பாதிரியாருக்கு அடுத்த படியில் நிற்கும் தீக்கன். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நீரும் வாரும்."

இந்த இரண்டு சொற்களில் எனக்குத் தலை கால் புரியவில்லை. என் மீசையைத்தான் அவர் பாரம் என்று கணித்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். செத்தவீட்டுக்குப் போடும் கோட்டை எடுத்துத் தூசு தட்டினேன். "அங்க போய் நீங்கள் உங்கட வியாக்கியானம் ஒண்டும் துவங்காதேங்கோ" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, அவர்களின் பூசை முடிந்த பிற்பகல். தீக்கன், மாஸ்டர், அவர் மனைவி, நான். மாபிள்காரர் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்று வரவேற்றார். கையைப் பிடித்தால் சீமெந்துபோல இருந்தது. பெண்ணின் தாய் தேநீரும் பேரீச்சம்பழம் வைத்துச் சுருட்டிய பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். பெண் குசினிக்குள் இருந்தாள்.

பேச்சு அவர்கள் பாஷையில் நடந்தது. எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: தியாரி, ஜீலு. தீக்கன் ஏதோ நலம் விசாரித்தார். மாபிள்காரர் ஏதோ சொல்லி, விரிந்த கையால் காற்றை ஒரு வெட்டு வெட்டினார். அவ்வளவுதான், பாலம் வந்துவிட்டது. ஐந்து கிளாஸ்கள். ஆவி. ஒருவரும் தொடவில்லை.

இந்த இடத்தில்தான் நான் யாழ்ப்பாணத்தான் ஆனேன். கோபதாபம் உள்ள வீட்டில் நாங்கள் பச்சைத்தண்ணியும் வாய் வைக்கமாட்டோம். அப்படி ஒரு செம்புத் தண்ணியை மறுத்து, இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு சகோதரர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் என் தகப்பனார். நூறு வருடக் கோபம் இந்த அறையில் ஐந்து கிளாஸாக ஆறிக்கொண்டிருக்கிறது, ஒருவர் குடித்தால் அது முறிந்துவிடும், அந்த ஒருவர் ஏன் நானாக இருக்கக்கூடாது? குடித்தேன். சாயத்தையும் பாராட்டினேன்.

மாஸ்டரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். தீக்கன் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"இவர் ஆர்?" என்று மாபிள்காரர் ஆங்கிலத்துக்கு மாறினார்.

"என்னோட வேலை செய்யிறவர். சிலோன்" என்ற மாஸ்டர், என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கேட்டதுக்கு 'ஓம்' எண்டால்தான் குடிக்கிறது. 'இல்லை' எண்டால் அப்பிடியே வைச்சிட்டு எழும்புறது. நாங்கள் இன்னும் கேட்கேல்லை."

"நீர் எனக்குச் சொல்லேல்லையே."

"எங்கட சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சொல்லவேணும் எண்டு ஆர் நினைச்சது."

வியாக்கியானம் துவங்கவேண்டாமென்ற மனைவியை மனதில் வணங்கிக்கொண்டு, நான் வியாக்கியானம் செய்தேன். "ஐயா, மன்னிக்கவேணும். எங்கட ஊரில கோவக்காரன் வீட்டிலதான் குடிக்கமாட்டம். ஒருத்தரும் தொடாமல் இருக்க, பாலத்துக் கோவம் எண்டு நினைச்சுப்போட்டன். ஆரோ ஒருத்தர் குடிச்சால் சரிவரும் எண்டு..."

மாபிள்காரர் இதைத் தன் மனைவிக்கு மொழிபெயர்த்தார்.

"நீர் தியாரிக்காரரோடதானே வந்தனீர்?" என்றார்.

"ஓம்."

"நூறு வருசத்தில அவையின்ர பக்கத்தில இருந்து கோவம் முறிக்க ஒருத்தன் வந்திருக்கிறான்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "அவனும் சிலோன்காரன்."

தீக்கன் இருமுவதுபோல் சிரித்தாரா, சிரிப்பதுபோல் இருமினாரா தெரியவில்லை. மாபிள்காரர் சிரிக்கவில்லை. என்னுடைய வெறும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டரிடம் சொன்னார்: "நான் இப்ப இல்லை எண்டு சொன்னால், என்ர வீட்டுக்கு வந்த விருந்தாளி, என்ர மனுசி போட்ட தேத்தண்ணியைக் குடிச்சதுக்கு வெக்கப்பட்டுப் போகவேணும். அப்பிடி ஒண்டு எங்கட வீட்டில நடந்ததில்லை. உங்கட பக்கத்திலயும் நடந்திராது."

"நடந்ததில்லை" என்றார் மாஸ்டர்.

மாபிள்காரர் குசினிப் பக்கம் திரும்பி ஒரு சொல் கேட்டார். உள்ளேயிருந்து, "ஒப்வியஸ்லி, பாபா" என்று பதில் வந்தது.

அவர் தன் கிளாஸை எடுத்தார். எல்லோரும் எடுத்தார்கள். என்னிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் நான் பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்தேன். மாஸ்டர் எடுத்த வேகத்தில் தேநீர் பாதி அவர் காற்சட்டையில் கொட்டியது. தீக்கன் மட்டும் சமாதானமாகவில்லை. மூன்று வாரம் ஆயத்தம் செய்த பேச்சைச் சொல்லாமல் போகமாட்டேன் என்று எழுந்து நின்று, நினிவேயிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே தந்துவிட்ட பெண்ணை முக்கால் மணி நேரம் கேட்டார். ஒருவரும் குறுக்கிடவில்லை. அதுவும் அவர்களுடைய மரியாதை.

மாபிள்காரர் ஒத்துக்கொள்ள ஒரு சாட்டுக்காகக் காத்திருந்திருக்கலாம். மகள் முகம் வாடுவதை அவரும் பார்த்திருப்பார். ஆனாலும் அந்தக் கிளாஸை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு வணக்கம் வருகிறது. மலை போனது, ஆறு போனது, பாலம் போனது, பிறகு வந்த யுத்தத்தில் காபூர்க் கரையும் போனது. கையில் மிஞ்சியது வருகிறவனை வெட்கப்படுத்தாதே என்ற ஒரு விதி. அதைப் பிரம்ப்டனில் ஒரு சோபாவில் இருந்துகொண்டு, நூறு வருடக் கோபத்தைவிடப் பாரமானதாக வைத்திருக்கிறார்கள். எங்களிடமும் அப்படி ஏதாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சட்டென்று ஞாபகம் வருவது மறுத்த அந்தச் செம்புதான்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. மேளமும் சூர்ணா என்ற குழலும் ஒன்றையொன்று துரத்த, கைகோர்த்து வரிசையாக ஆடினார்கள். பையன்கள் இறகு வைத்த கூம்புத் தொப்பி போட்டிருந்தார்கள். என்னையும் இழுத்து, ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் மாபிள்காரர் என்று நடுவில் நிறுத்தினார்கள். இரண்டு பேரின் காலையும் பாரபட்சமில்லாமல் மிதித்தேன்.

அடுத்த நாள் காலை, முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு, இரண்டு குலங்களைச் சேர்த்துவைத்த என் பாரத்தைப் பற்றி மனைவிக்கு மீண்டும் ஒருமுறை விளக்கினேன். மாஸ்டர் ஏன் வேறு எவரையும் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார் என்பதையும் ஆராய்ந்தேன். அவள் எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தாள்.

"அது நான் மாஸ்டரின்ர மனுசியிட்டக் கேட்டனான்" என்றாள். "உங்களுக்கு அந்தப் பாஷை தெரியாதாம். வாய் திறக்கமாட்டியள் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவையாம். தேத்தண்ணிக்குத் திறப்பியள் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லையாம்."