ஏழு பையும் ஒரு பெஞ்சும்

போன வாரம் எங்கள் பிளாட் குரூப்பில் மூன்றாவது மாடி ஐடி தம்பி ஒரு பட்டியல் போட்டிருந்தார். பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையில் இருக்கிற அந்தப் பெரிய தீம் பார்க்கில், எல்லாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற அனுபவங்கள் என்று தலைப்பு. கேட் திறந்ததும் கூட்டம் சேர்வதற்குள் ஏறிவிட வேண்டிய ராட்டினம், பின்பக்கச் சுவரோரம் யாரும் எட்டிப்பார்க்காத படகுச் சவாரி, ரெயின் டான்ஸுக்கு எது நல்ல நேரம், எல்லாம் விவரமாக எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பார்க்குக்கு நான் ஆறு தடவை போயிருக்கிறேன். முதல் ஐந்து தடவையும் நான் அனுபவித்த ஒரே சவாரி, அலைக்குளத்துக்கு எதிரே இருக்கிற சிமெண்ட் பெஞ்ச்.

அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வேப்பமரத்தடி பெஞ்ச். காலை பத்து மணிக்கு நல்ல நிழல் இருக்கும். பன்னிரண்டுக்கு நிழல் உங்களை விட்டுவிட்டுப் பக்கத்துப் பெஞ்சுக்குப் போய்விடும். நீங்கள் போக முடியாது, ஏனென்றால் அங்கே இன்னொரு குடும்பத்தின் பைகளோடு இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தது வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு டீச்சர். ஒன்பது பை. அலைக்குளத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அலை விடுகிறார்கள் என்று கடிகாரம் பார்க்காமலே சொன்னார். கடைசி வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் கால்கூட நனையவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எந்த ரேக்கில் எந்த போல்ட் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் வீட்டிலும் நான்தான் ஸ்டோர்ஸ் என்று என் வீட்டுக்காரர் முடிவுகட்டிவிட்டார். அவர், எங்கள் மகன், என் கொழுந்தன், அவர் மனைவியான என் ஓரகத்தி, கல்லூரி படிக்கும் அவர்களுடைய இரண்டு பெண்கள், அப்புறம் நான். கள்ளிக்குப்பத்திலிருந்து ஒவ்வொரு மே மாதமும் ஒரு வேன் பிடித்து ஏழு பேரும் போவோம். முதல் தடவை லாக்கர் எடுக்கலாமா என்று கவுன்ட்டரில் நின்று கேட்டேன்.

"லாக்கர் இன்னாத்துக்கு? அதான் நீ கீறியே" என்றார் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். மாதாவே, நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் ஏற ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றில்தான். ரோலர் கோஸ்டர். பெஞ்சிலிருந்து பார்த்தால் அதன் உச்சி மட்டும் மரத்துக்கு மேலே தெரியும். வண்டி நத்தை மாதிரி மேலே ஏறி ஒரு நொடி நிற்கும். அப்புறம் விழும். அந்த ஒரு நொடி எப்படி இருக்கும் என்று ஐந்து வருடமாக எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "அடுத்த தபா ஏறிக்க" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆறாவது தடவை நான் புடவை கட்டவில்லை. சுடிதார் போட்டுக்கொண்டேன், தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டேன். வேனில் ஏறும்போது வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே, இன்னிக்கு சுடிதாரு?"

"வெயிலா இருக்கு, அதான்" என்றேன். வெயிலாம் வெயில். முந்தின வருடம் வெளியே வரும்போது கோஸ்டர் வாசலில் இருந்த போர்டை நின்று படித்துவிட்டு வந்தவள் நான். இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் ஐம்பத்தைந்து வயது வரை மட்டும் அனுமதி என்று இருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு. இந்த மே மாதம் ஐம்பத்தைந்து. ஜூனில் ஐம்பத்தாறு முடிகிறது. அடுத்த தபா என்று ஒன்று எனக்கு இல்லை.

மதியம் சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். கோஸ்டர் ஐந்தரைக்கு மூடுகிறார்கள், நாலு மணிக்கு யாராவது ஒருத்தர் வந்து அரைமணி நேரம் பையோடு உட்காருங்கள் என்று.

"நான் வரேன்க்கா. நாலுக்கு டான்னு வந்துர்றேன்" என்றாள் ஓரகத்தி. வாயில் வெஜிடபிள் பிரியாணி.

"இந்த வயசுல அதுல ஏறி இன்னா பண்ணப் போற?" என்றார் வீட்டுக்காரர். "அடுத்த வர்ஷம் ஏறேன். அது இன்னா ஓடியா பூடும்?"

அவரிடம் போர்டைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டிக்கு வயது என்ன என்று தெரிந்தவராக இருந்தால், போர்டு அவர் கண்ணிலும் பட்டிருக்கும்.

நாலு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. சரி, ஈரத்தோடு நடந்து வர நேரமாகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலேகால். நாலரை. போன் போட்டுத் திட்டலாம் என்று ஓரகத்தி நம்பரை அழுத்தினேன். என் மடியிலேயே மணி அடித்தது. கொழுந்தனுக்குப் போட்டேன். என் காலடியில் அடித்தது. ஆறு பேருடைய போனும் என்னிடம்தான் இருந்தது! ஆறு போன், ஆறு பேருடைய மூக்குக்கண்ணாடி, சங்கிலி, மாத்திரை, மாற்றுத்துணி எல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தன. என்னைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. எதிரே அலைக்குளத்தில் என் ஓரகத்தி தன் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு குதிப்பது தெரிந்தது. நான் எழுந்து நின்று கையை ஆட்டினேன். அவளும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

ஐந்து மணி அடித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. போங்கடா என்று எழுந்தேன். என் துப்பட்டாவை மடித்து, என் போனோடு சேர்த்து என் பைக்குள் வைத்தேன். ஏழு பையையும் பெஞ்சில் வரிசையாக அடுக்கினேன். ஸ்டோர்ஸ் புத்தி, தூக்கிப்போடக்கூட எனக்கு ஒழுங்காகத்தான் வருகிறது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பாதி வழியில் போன் போனால் என்ன ஆகும், சங்கிலி போனால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. போனால் போகட்டும், எனக்குப் போன வருடங்களை யார் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வாசலில் நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயசு என்ன ஆன்ட்டி?"

"ஐம்பத்தஞ்சு."

"பேக் எதுவும் கையில இருக்கக் கூடாது. கூட வந்தவங்க யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

"என் கையில ஒண்ணுமே இல்லம்மா" என்றேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். இரும்புக் கம்பி தோளுக்கு மேல் வந்து இறுகியது. வண்டி கடகடவென்று ஏறத் தொடங்கியது. மேலே போகப் போக மரங்கள், கார் நிறுத்தம், நெடுஞ்சாலையில் லாரிகள், எல்லாம் தெரிந்தன. என் பெஞ்சும் தெரிந்தது. காலியாக இருந்தது. அப்போது மைக்கில் அறிவிப்பு வந்தது. "அலைக்குளம் எதிரில் கேட்பாரற்றுக் கிடந்த ஏழு பைகள் செக்யூரிட்டி அறையில் உள்ளன. ஒரு மெரூன் கலர் டிராவல் பேக், ஒரு நீலக் கலர் ஷோல்டர் பேக், பச்சைக் கோடு போட்ட கட்டைப் பை..." ஒவ்வொன்றாக நிறம் சொல்லி, அடையாளம் சொல்லி, உரியவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வண்டி உச்சியில் நின்றது.

விழுந்தபோது எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், ஆனால் நான் கத்தியது வேறு. முப்பது வருடமாக வாய்வரைக்கும் வந்து விழுங்கினதெல்லாம், வீட்டுக்காரரில் தொடங்கி ஆறு பேரையும் பெயர் சொல்லி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் கத்தினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தருக்கு விழுந்தது. என்ன திட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்ளாத ஒரே இடம் அதுதான் தம்பி, பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் பக்கத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆன்ட்டி, செம! யாரு அது, உங்க ஹஸ்பெண்டா?"

"ஆமாம்மா" என்றேன். காது இரண்டும் அடைத்திருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

கேட் பக்கத்தில் இருந்த செக்யூரிட்டி அறை வாசலில் ஆறு பேரும் சொட்டச் சொட்ட ஈரத்தில் நின்றார்கள். உள்ளே மேசைமேல் ஏழு பையும் இருந்தன. என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் குரல் உயர்ந்தது.

"பைய உட்டுட்டு எங்கமே போன? அறிவு கீதா உனுக்கு?"

எங்கே போனாய் என்று கேட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அவர் முதலில் சொன்ன வார்த்தை பை. மற்ற ஐந்து பேரும் அதைத்தான் கேட்டார்கள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

காவலர் வயதானவர், கறார். "பைக்குள்ள இன்னா கீதுன்னு கரெக்டா சொல்லு சார், எட்த்துக்கினு போ. பத்து நிமிசமா கேக்கறேன், அந்தம்மா வந்து சொல்லும்னே சொல்றாங்க. இன்னாம்மா, உங்க பைதான் இதெல்லாம்?"

"என்னோடது அந்த மஞ்சள் துணிப்பை மட்டும்தான்" என்றேன். "ஒரு துப்பட்டா, ஒரு போன், ஒரு கண்ணாடிக்கூடு, ஒரு செபமாலை." பிரித்துப் பார்த்துக் கொடுத்தார். "மீதிய அவங்கவங்க சொல்லட்டும்" என்றேன்.

ஸ்டோர்ஸில் பொருளின் பெயரைச் சொல்லாதவனுக்கு ஒரு நட்டுகூட நான் கொடுப்பதில்லை. மேனேஜராக இருந்தாலும் சரி.

கொழுந்தன், "என்னா அண்ணி, வெள்ளாட்றீங்க?" என்றார். ஓரகத்திதான் முன்னால் வந்தாள். அவள் பை, அவள் புருஷன் பை, பெண்களின் பைகள், நான்கிலும் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். உள்ளாடை வரைக்கும் சொன்னாள். அவள்தானே அடுக்கினவள். வாங்கிக்கொண்டு போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு வராததற்கு அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. என் மகன் சார்ஜரைச் சொல்லித் தன் பையை வாங்கினான்.

கடைசியில் மேசைமேல் ஒரே ஒரு மெரூன் பை.

"உன்து தானே சார் இது? இன்னா கீது உள்ள?"

"போனு, துணி" என்றார் வீட்டுக்காரர்.

"எல்லார் பையிலயும் போனும் துணியும்தான் கீது. இன்னா துணி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் பார்த்தேன். "வேட்டி" என்றார். அதில் வேட்டி இல்லை. "துண்டு" என்றார். துண்டு மகன் பையில் இருந்தது. வேன் டிரைவர் மூன்றாவது முறை ஹாரன் அடித்த பிறகு, பிரஷர் மாத்திரை அட்டை, சாம்பல் நிற பேன்ட், கட்டம் போட்ட சட்டை என்று நானே சொல்லி, நானே கையெழுத்துப் போட்டு, வேனில் ஏறி அந்தப் பையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏசி சில்லென்று இருந்தது. ஈர டிராயரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பைய குடுமே. குளுருது."

"குடுக்கிறேன். அடுத்த மாசம் எனக்கு எத்தனை வயசு முடியுதுன்னு சொல்லுங்க, குடுக்கிறேன்."

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கல்யாணமான வருடத்திலிருந்து தொடங்கினார் போல. பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் எண்ணினார். பிறகு உதவிக்கு, பின்சீட்டில் இருந்த எங்கள் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

அவனும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.