தைக்காத கிழிசல்

அந்த ஓட்டலின் சலவைக் கூடத்தில் அவளைப் ‘பளிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கறையும் அவளிடம் வாலாட்ட முடியாது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க்கு வெந்நீர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

கறை கண்டால் உடனே அலசிவிடும் அந்தக் கைப்பழக்கமே அவளுக்கு வினையாக வந்தது. விரிப்புகள் அடுக்கும் அறையில், பட்டப்பகலில், சூப்பர்வைசர் கதவைத் தாழிட்டு அவளைப் பலாத்காரம் செய்தான். பிறகு தலையை வாரிக்கொண்டு டீ குடிக்கப் போனான், பாவி. அவள் எழுந்து வேறு சீருடைக்கு மாறினாள். கழற்றியதைப் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து, உலர்த்தி, கிழிந்த துணிகளுக்கான கூடையில் போட்டாள். ஆறு வருடப் பழக்கம். புத்தி மரத்துப் போயிருந்தது, கை மட்டும் வேலை செய்தது.

வீட்டில் அண்ணனிடம் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“துவைச்சுட்டியேடி! இனி எதைக் காட்டி யாரை நம்ப வைக்கறது? வாயை மூடிக்கிட்டு வேலைக்குப் போ.”

செய்தவனை விட்டுவிட்டுத் துவைத்தவளைத் திட்டுவது என்ன நியாயமோ! ஆனால் அவளுக்கும் தன் கைகளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டி எறியலாமா என்றிருந்தது.

மூன்றாம் நாள் தையல் அக்கா அவளைத் தன் மூலைக்கு அழைத்தாள். கூடையில் விழும் கிழிசல்களைத் தைப்பது அக்காவின் வேலை. பேச்சு அளந்துதான் வரும். இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே அந்தச் சீருடை. மூன்று பொத்தான்கள் துணியோடு பிய்ந்திருந்தன. காலருக்குள் சிவப்பு நூலில் பளிச்சுவின் எண்.

“இதை நான் தைக்கல.”

“துவைச்சுட்டேனே, அக்கா.”

“துவைச்சா கிழிசல் போயிடுமா? ஆஸ்பத்திரில ஒரு அம்மா இருக்காங்க. நம்மள மாதிரி பொண்ணுங்களுக்குத் துணையா நிக்கிறதுதான் அவங்க வேலை. போலீசுக்கும் கூட வருவாங்க. கிளம்பு.”

அந்த அம்மா ‘ஏன் துவைத்தாய்’ என்று கேட்கவே இல்லை. டாக்டரிடம் காட்டும்போதும் பக்கத்திலேயே நின்றார். “தப்பு செஞ்சது உன் கை இல்லம்மா,” என்றார். பளிச்சு ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்தபின் கோபம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அது போகவேண்டியவன் மேல் போனது.

காவல் நிலையத்தில் புகார் எழுத ஒரு தாளை நீட்டினார்கள்.

“ரெண்டு குடுங்க,” என்றாள் தையல் அக்கா.

பளிச்சு திரும்பிப் பார்த்தாள்.

“பதினோரு வருஷம் ஆச்சு. அதே ரூம், அதே ஆளு. நான் என் துணிய அன்னிக்கே தைச்சுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்.” அக்காவின் விரல்கள் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தன. “தைக்காம இருந்திருந்தா, உனக்கு இப்படி…”

பளிச்சு பேனாவை எடுத்து அந்த விரல்களுக்குள் திணித்தாள்.

“தப்பு செஞ்சது உங்க கை இல்லக்கா. எழுதுங்க.”