பால்டோரன் சாவி

பால்டோரன் விஸ்கி வடிசாலையை இழுத்து மூடிய அன்று ஹெக்டர் ஜெடஸுக்கு வயது முப்பத்து நான்கு. அரைத்த பார்லியில் வெந்நீர் விட்டுக் கலக்குவது அவன் வேலை. அந்த 1985 மார்ச்சில் மேலாளர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து, "ரெண்டே வாரம் ஹெக்டர். வாங்குறவங்க வந்துருவாங்க, அதுவரைக்கும் பாத்துக்கோ" என்றார்.

அந்த இரண்டு வாரம் முப்பத்தோரு வருஷமாக நீண்டது.

வடிசாலை மூன்று கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு கம்பெனியும் ஓர் ஆளை அனுப்பும். அவர் புறா எச்சத்தில் வழுக்கி விழாமல் உள்ளே நடந்து, சாராயம் வடிக்கும் செம்பு வாலைகளை அளந்துவிட்டு, "அடுத்த மாசம் ஆரம்பிச்சிரலாம்" என்பார். ஹெக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கூரை ஓடு மாற்ற ஏணியைத் தூக்குவான். கூரையைப் பற்றி அவன் எழுதிய பதினொரு கடிதங்களுக்கு ஒரு பதில் வந்தது. அதில் அவன் பெயர் 'ஹெக்டர் கெட்டிஸ்' என்று இருந்தது.

1994 பிப்ரவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கிரேனோடு ஒரு லாரி வாசலில் வந்து நின்றது. அப்போதைய கம்பெனி வாலைகளைப் பெயர்த்துச் செம்பு விலைக்கு விற்கப் போகிறதாம். ஓட்டுநர் நீட்டிய கடிதத்தை ஹெக்டர் இரண்டு முறை படித்தான்.

"இதுல 'பால்டார்னன்'னு போட்டிருக்கு."

"எழுத்துப் பிழைங்க. இந்த இடந்தான்."

"இது பால்டோரன். நீ பால்டார்னனுக்குப் போ."

"அப்படி ஒரு ஊரே கிடையாதுய்யா!"

"அத எழுதினவன்கிட்ட கேளு. சரியா எழுதின கடுதாசி வரட்டும், நானே கதவத் தொறந்துவிடுறேன்."

ஓட்டுநர் கெஞ்சினான், கத்தினான். ஹெக்டரின் மனைவி நெட்டா அவனுக்குச் சூடாக ஆட்டுக்கறி சூப் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான். கதவு மட்டும் திறக்கவில்லை. மதியத்துக்குள் பனி ரோட்டை மூடிவிடும் என்ற பயத்தில் லாரி திரும்பிப் போனது. திருத்திய கடிதம் வருவதற்குள் அந்தக் கம்பெனியே திவாலாகிவிட்டது.

2016இல் ரோனா பிர்னி வந்தாள். இன்வெர்னஸ் நகரத்துக்காரி, புதிய முதலாளிகளின் மேலாளர். அவளும் முதல் வேலையாக அளவு நாடாவை எடுத்தபோது ஹெக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அளவு எல்லாம் சுவத்துல எழுதிவச்சிருக்கேன்மா. எத்தனை தடவ அளந்தாலும் அது வளராது!"

ஆனால் இவள் ஆட்களோடு வந்திருந்தாள். கூரை போட்டார்கள், கொதிகலனை மாற்றினார்கள், வாலைகளின் தேய்ந்துபோன அடிப்பாகத்தில் புதுச் செம்பு வைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் முதல் சாராயம் வாலையிலிருந்து வடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஹெக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகுதான் தொல்லையே. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம், 'வாலைகளைக் காக்க லாரிச் சக்கரத்தின் முன்னால் படுத்தவர்' என்று அவனைக் காட்டினார்கள்.

"பனியில நான் எதுக்கு ரோனா படுக்கணும்? எழுத்துப் பிழையத்தான் சொன்னேன்."

"ஜனங்களுக்கு இந்தக் கதைதான் பிடிச்சிருக்கு ஹெக்டர்."

"அப்ப ஜனங்களையே படுக்கச் சொல்லு."

சாவிக்கொத்தை அவள் மேஜையில் வைத்துவிட்டு, முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெட்டாவுடன் விடுமுறைக்குக் கிளம்பினான். ஓபன் என்ற ஊரின் கடற்கரையில் இரண்டாம் நாள், மீன் வறுவல் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் போன் அடித்தது. ரோனாதான்.

"ஹெக்டர், ஓடைத் தண்ணிய அடைக்கிற திருகு எதுங்க? குளிர்விக்கிற தொட்டி வழியுது!"

"இடது பக்கம். இல்லம்மா, உன் இடது பக்கம் இல்ல, ஓடையப் பாத்து நின்னா இடது பக்கம். அது இல்ல! துருப்பிடிச்சது. அட, எல்லாமே துருப்பிடிச்சதுதான், கீழ இருக்குறது!"

கடற்காக்கை ஒன்று அவனுடைய மீனைக் கொத்திக்கொண்டு பறந்தது. நெட்டா தன் பங்கில் பாதியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.